பகல் வெளிச்சத்தில் இருவர்

காலை எட்டு நாற்பதுக்கு மழை பிடித்தது.

விசா அலுவலகத்துக்கு எதிரே இருந்த போட்டோ ஸ்டூடியோவுக்குள் அவள் ஓடி நுழைந்தபோது பாதி நனைந்திருந்தாள். உள்ளே ஒரு ஸ்டூல். அதன் பின்னால் ஒரு திரை. ஸ்டூடியோக்காரர் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டச் சொன்னார். சிரிக்கக் கூடாது என்றார். விளக்கு மின்னியது. முடிந்தது.

படம் கைக்கு வந்ததும் வாசல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணா, இது வெள்ளை இல்லையே..."

ஸ்டூடியோக்காரர் திரையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கடை திறந்த நாளிலிருந்து இதே திரைதான் என்றார். அதுதான் சிக்கல் என்றாள் அவள். திரை பழுத்துவிட்டது. இதில் மஞ்சள் இருக்கிறது. மஞ்சளுக்கு அடியில் கொஞ்சம் சிவப்பும் இருக்கிறது. விசாவுக்கு வெள்ளைப் பின்னணி கேட்கிறார்கள். இது பாலாடை.

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

திரும்பினாள். கையில் மடக்கிய குடை, கக்கத்தில் ஒரு கத்தை காகித உறை. முப்பது வயதுக்காரன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேடம், அவங்க வெள்ளைன்னு சொல்றது இதைத்தான். எங்க ஆளுங்க எல்லாருக்கும் இங்கதான் படம் எடுக்கறோம். ஒண்ணுகூடத் திரும்பினதில்லை."

"வெள்ளையில எத்தனை வெள்ளை இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"அந்த ஆபீசுக்கு ஒண்ணு போதும்."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். நிதானமாக, வேலையில் பார்ப்பதுபோல.

"நீங்க போட்டிருக்கிற சட்டை என்ன கலர்?"

"இது என்ன கேள்வி... வெள்ளை."

"இளஞ்சிவப்பு. சிவப்புத் துணியோட சேர்த்துத் துவைச்சிருக்கீங்க. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை."

வரிசை முழுக்க அவன் சட்டையைப் பார்த்தது. ஸ்டூடியோக்காரரும் எட்டிப் பார்த்தார். அவனும் குனிந்து பார்த்தான். அவன் வீட்டில் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. அது இந்த நேரத்தில்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்...

அவள் படத்தைப் பையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். தெருமுனை வரை கோபம் இருந்தது. அதன் பிறகு, கேட்காமலேயே, மனது ஒரு கணக்குப் போட ஆரம்பித்தது. அவன் கண்கள்... பழுப்பு. கறுப்பில் கொஞ்சம் செம்மண் கலந்தால் வரும். இல்லை, வராது. கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தபோது வாசல் வெளிச்சம் பட்டதே, அப்போது உள்ளே ஒரு தேன் நிறம் தெரிந்தது. அதற்கு என்ன சேர்ப்பது?

சீ, என்ன இது என்று தன்னையே அதட்டிக்கொண்டு பஸ் பிடித்தாள்.

*

அவள் வேலை பெயின்ட் கம்பெனியில். கார்களுக்குப் பூசும் பெயின்ட். அடிபட்ட காருக்குப் புதுக் கதவு மாட்டினால் பழைய கதவும் புதுக் கதவும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வெயிலில் நின்று வெளுத்த சிவப்போடு இன்று கலக்கும் சிவப்பு ஒட்ட வேண்டும். இயந்திரம் எண்களைச் சொல்லும். எண்கள் சரியாக இருந்தும் கதவு தனியாகத் தெரியும். பிசகு எங்கே என்று சொல்ல ஒரு கண் வேண்டும். கம்பெனியில் அந்தக் கண் அவளுடையது. கூட வேலை செய்பவர்கள் அவளைப் 'பருந்து' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கம்பெனி இன்னொரு நாட்டில் புதுக் கிளை திறந்திருந்தது. அங்கே நிறங்களைச் சரிபார்க்கும் ஒரு நிற அறையை முதலிலிருந்து கட்ட வேண்டும். ஆட்களைப் பழக்க வேண்டும். இரண்டு வருஷ வேலை. சுவரின் நிறத்திலிருந்து விளக்கின் உயரம்வரை அவள் சொல்வதுதான். இப்படி ஒரு அறைக்காக அவள் வெகுநாள் காத்திருந்தாள். விசா கிடைத்தால் அது அவளுடையது. கிடைக்காவிட்டால் அங்கேயே யாரையாவது எடுத்துக்கொள்வார்கள்.

அன்று பிற்பகல் தலைமை அலுவலகத்துக்குப் போனாள். வெளிநாட்டு மாற்றல் பிரிவில், ஃபைல்களுக்கு நடுவே, அவன் உட்கார்ந்திருந்தான்.

சட்டைக்கு மேல் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். கழுத்துவரை. அறையில் புழுக்கம்.

"உட்காருங்க மேடம்" என்றான். பிறகு, ஃபைலைப் பார்த்துக்கொண்டே, "இதுல ஒண்ணும் இல்லையே?"

"சாம்பல்தான். நல்ல சாம்பல்."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்திருப்பாள். காலையில் வரிசை சிரித்தது நினைவுக்கு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் வேலையைச் சொன்னான். கம்பெனி ஆளைக் கம்பெனியே வேறு நாட்டுக்கு அனுப்பும் விசா இது. அந்த நாட்டு அதிகாரிகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். இந்த வேலையைச் செய்ய எங்கள் ஊரில் ஆள் இல்லையா? இல்லை என்று அவன் எழுத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கு அவள் என்ன செய்கிறாள் என்பது முதலில் அவனுக்குப் புரிய வேண்டும்.

"வெள்ளையில ஒண்ணுதான் இருக்குன்னு நினைக்கறவருக்குப் புரிய நாளாகும்" என்றாள்.

முதலில் படத்தை மட்டும் விசா அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தாள். இது போதும், பாருங்கள், ஒன்றும் ஆகாது என்றான். அவள் தோளைக் குலுக்கினாள்.

மூன்றாம் நாள் அவளுடைய போன் அடித்தது.

"மேடம்... படம் திரும்பிடுச்சு."

அவள் பேசவில்லை. அந்த மௌனத்தை நன்றாக நீட்டினாள்.

"பின்னணி வெள்ளையா இல்லையாம்."

"லைன் சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

"கேட்டுடுச்சு உங்களுக்கு."

"சத்தியமா கேக்கலை."

அவன் இன்னொரு தடவை சொன்னான். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. அவள் போனை வைத்த பிறகு ஆலையின் நிற அறையில் தானாகச் சிரித்தாள். கூட இருந்தவர்கள் கையிலிருந்த நிறத் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

*

மறுபடி அதே ஸ்டூடியோ. அவன் முன்னாலேயே வந்திருந்தான். மேசையில் மூன்று துணிகள். மூன்றும் வெள்ளை. கடையில் தேடி வாங்கியிருந்தான்.

"எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் மூன்றையும் வாசலுக்குக் கொண்டுபோனாள். ஒன்றில் நீலம் இருந்தது. ஒன்று இப்போதே அழுக்கு. நடுவில் இருந்ததைத் தொட்டாள். ஸ்டூடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தப் பெண்ணுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கப்போகிற மகராசன் யாரோ, அவன் பாடு திண்டாட்டம்தான் என்றார். துணி வாங்கி வந்தவன் காதில் விழாத மாதிரி துணியை உதறினான்.

பழைய திரையின் கம்பியில் புதுத் துணி நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் அவனே துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றான். கைகள் மேலே. முகம் துணிக்குப் பின்னால். முன்னாலிருந்து பார்த்தால் ஆள் இருப்பதே தெரியாது.

"சிரிக்காதீங்க" என்றார் ஸ்டூடியோக்காரர்.

சிரிக்கவில்லை. இரண்டு நொடி.

"கை வலிக்குது மேடம்" என்றது துணி. "சீக்கிரம் சோகமாயிடுங்க."

அவள் குலுங்கினாள். ஸ்டூடியோக்காரர் கேமராவை இறக்கினார். மறுபடி நிமிர்த்தினார். துணி ஒன்றும் பேசவில்லை. ஆனால் மூச்சு விட்டது. அவள் கழுத்துக்குப் பின்னால், மிக அருகில்... துணி லேசாக உப்பி அடங்கியது. சிரிப்பு தானாக நின்றுவிட்டது. அவள் நேராகப் பார்த்தாள்.

விளக்கு மின்னியது.

"இதுதான் படம்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

வெளியே தூறல். ஒரு குடை. அவன் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்து நடந்தான். அவனுடைய இடது தோள் நனைந்தது. நனைந்த இடத்தில் சட்டை இன்னும் கொஞ்சம் சிவந்தது. அதே சட்டை. அவள் பார்த்தாள். சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிறத்தைப் பார்த்தும் சொல்லாமல் இருந்தாள்.

*

அவள் வேலையைப் பார்க்க அவன் ஆலைக்கு வந்தான். நிற அறையின் வாசலில் அவனுக்கு ஒரு சாம்பல் கோட்டு கொடுத்தார்கள். உள்ளே சுவர் சாம்பல், மேசை சாம்பல், எல்லாரும் சாம்பல். உடுத்தியிருக்கும் நிறம் தட்டில் விழுந்து கண்ணை ஏமாற்றும். அதனால் உள்ளே வருகிறவர்கள் நிறத்தை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். அவள் நகப்பூச்சுகூடப் போடுவதில்லை.

அவன் அவளைப் பார்த்தான். சாம்பல் அறையில், சாம்பல் கோட்டில், நிறம் என்று இருந்தது அவள் முகம் மட்டும்தான். அதில் இரண்டு கண்கள். பெரிய கண்கள் இல்லை. மை இல்லை. ஆனால் ஒன்றைப் பார்க்கும்போது முழுக்க அதை மட்டும் பார்த்தன. மழைக்கு முன்னால் வானம் அப்படியே நிற்குமே, அதுபோல நின்றன. தன்னை யாராவது இப்படிப் பார்த்திருக்கிறார்களா என்று யோசித்தான். ஒரு தடவை. சட்டைக்காக.

அவள் இரண்டு உலோகத் தட்டுகளை விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். இரண்டும் பச்சை. வித்தியாசம் சொல்லச் சொன்னாள். ஒன்றுதான் என்றான். வேறு விளக்கைப் போட்டாள். இப்போதும் ஒன்றுதான் என்றான். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். பகல் வெளிச்சத்தில் ஒரு பச்சை இலையானது. இன்னொன்று பாசியானது.

அவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"உள்ள ஒண்ணாத் தெரியறதெல்லாம் வெளிய ஒண்ணா இருக்காது" என்றாள். "அதனாலதான் கடைசி முடிவு எப்பவும் இந்த ஜன்னல்லதான். அதுவும் ஒரு ஆள் சொன்னாப் போதாது. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு பார்க்கணும். ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் சரி."

"ஒருத்தர் மட்டும் சரின்னா?"

"செல்லாது. திரும்பக் கலக்கணும்."

"பருந்தே சொன்னாலுமா?"

அந்தப் பேரை அவனுக்குச் சொன்னது யார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் எல்லாரும் மும்முரமாக வேலை பார்த்தார்கள்.

அன்றிரவே அவன் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தான். அலுவலக நடையில், அளவாக. மறுநாள் அவனுடைய மேலாளர் அம்மாள் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பத்திக்குப் பத்தி இந்தப் பெண்ணின் கண்ணைப் பற்றியே வருகிறதே என்றார்.

"அவங்க வேலையே கண்ணுதானே மேடம்."

"தம்பி, இதைப் படிக்கிற அதிகாரி விசா கொடுப்பாரோ இல்லையோ, கல்யாணத்துக்கு வந்துடுவார்."

பாதியை வெட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

*

பிறகு தினமும் ஏதாவது ஒரு காகிதம் குறைந்தது. பழைய சான்றிதழ். சம்பளச் சீட்டு. அதற்கு ஒரு போன். அந்தப் போன் காகிதத்தில் ஆரம்பித்து வேறு எங்கோ போய் முடியும். அவன் எத்தனையோ பேரை அனுப்பி வைத்தவன், விமானத்துக்குள் கால் வைத்ததில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கம்பெனியில் அவனுக்கு 'வழியனுப்பி' என்று பேர். குழந்தையாக இருந்தபோது அம்மா கட்டிய சேலைகளின் நிறத்தை ஒவ்வொன்றாக அவளால் இப்போதும் சொல்ல முடியும் என்று அவனுக்குத் தெரிந்தது.

வீட்டில் அவள் அக்கா கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். "சம்பளச் சீட்டுக்கு இவ்வளவு சிரிப்பாடி?"

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினால் மகளுக்கு என்ன வயதாகும் என்பதிலேயே அம்மா நின்றாள். அம்மாவின் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து முடியும்.

"நிறத்தைத் தவிர வேற எதுவும் உன் கண்ணுக்குத் தெரியாதா?"

தெரிகிறதே அம்மா என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தெரிந்ததுதான் இப்போது தொந்தரவு.

ஒரு மாலை தலைமை அலுவலகத்தின் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். ஃபைல் முழுதாகிவிட்டது. இனி அனுப்ப வேண்டியதுதான். கண்ணாடிக்கு வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவள் காகிதக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"நான் போகலைன்னா...?"

விளையாட்டாகக் கேட்டதுபோல் இருந்தது. விளையாட்டு இல்லை. அவனுக்கும் தெரிந்தது. வேண்டாம், போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் நின்றாலும் நின்றுவிடுவாள். அப்படி நின்றால், சாம்பல் சுவரோடு அவள் மனதில் கட்டிவைத்திருக்கும் அந்த அறையை வேறு யாரோ கட்டுவார்கள். அந்த அறையைப் பறித்தவன் என்று ஆயுள் முழுக்க அவள் எதிரில் எப்படி உட்காருவது? அவள் சொல்லிக் காட்டமாட்டாள். அந்தக் கண் பார்க்கும். அது போதாதா?

சரி, போ, நான் காத்திருக்கிறேன் என்று சொல்லலாம். சொல்ல அவன் யார்? அவள் போகிறவள். அவன் கையசைக்கிறவன். விசா வாங்கிக் கொடுத்ததற்கு விலை கேட்ட மாதிரி ஆகாதா?

"அதெல்லாம் பேசாதீங்க" என்றான். "ஃபைலை அவசரப் பிரிவுல போட்டுடறேன். சீக்கிரம் கிளம்பிடலாம்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவு அவசரமா உங்களுக்கு?"

லிப்ட் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு போன்கள் சுருங்கின. அவன் கேட்டதற்குப் பதில் வந்தது. சரி சார். அனுப்பிட்டேன் சார். அந்த 'சார்' ஒவ்வொன்றும் கதவைச் சாத்துவதுபோல விழுந்தது. மழையும் நின்றுபோனது. வெயில் அடித்தது. வெளிச்சம் நன்றாக இருந்தும் அவள் அந்த வாரம் ஒரு நீலத்தைத் தவறாகச் சொன்னாள். ஆலையே ஆடிப்போனது. பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்லித்தான் திருத்தினார்கள்.

*

விசா அலுவலகத்தில் நேர்காணலுக்கு நாள் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் ஒத்திகை. இது அந்தப் பிரிவின் வழக்கம். அவன் அதிகாரியாக உட்கார்ந்து கேட்பான். போகிறவர்கள் பதில் சொல்ல வேண்டும். நடுவில் கண்ணாடித் தடுப்பு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொள்வது இருவருக்கும் கஷ்டமாக இல்லை.

ஆரம்பிக்கும் முன்னால் எல்லாருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணு. அங்க பொய் மட்டும் சொல்லாதீங்க. சின்னதாக்கூட. ஒரு பொய் சொன்னா அது உங்க பேரோட ஒட்டிக்கும். எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே வரும்."

"சரி சார்."

வேலையைப் பற்றிக் கேட்டான். சொன்னாள். எத்தனை வருஷம் என்று கேட்டான். இரண்டு. திரும்பி வருவீர்களா? வருவேன். எதற்காகத் திரும்பி வருவீர்கள்? அம்மா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள், இதே கம்பெனியில் வேலை இருக்கிறது என்றாள்.

"போதாது" என்றான்.

"என்ன போதாது?"

"கல்யாணம் ஆகாதவங்ககிட்ட இன்னும் கிளறுவாங்க. இங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி..." நிறுத்தினான். பேனாவைத் திறந்து மூடினான். "அப்படி யாராவது இருக்காங்களா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முழுக்க.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதிகாரி மாதிரியே உட்கார்ந்திருந்தான். ஆனால் சட்டைக் காலருக்கு மேலே, கழுத்தில், ஒரு நிறம் கிளம்பியது. முதலில் செம்மண். பிறகு செங்கல். காது மடல்வரை ஏறி அங்கே நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் வேறு யார் இருந்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அவளுக்கு அதுதான் வேலை.

"அது நீங்க கேக்கற கேள்வியா... அதிகாரி கேக்கற கேள்வியா?"

அவன் மேசையைப் பார்த்தான்.

"அதிகாரி."

"அப்ப அவங்களுக்கே பதில் சொல்லிக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பினாள்.

"நாளைக்கு வருவீங்களா?"

நேர்காணலுக்குப் போகும் ஊழியர்களோடு அவன் போவதில்லை. அது அவன் வேலையில் சேராது. "வருவேன்" என்றான்.

*

மறுநாள் வானம் காலையிலேயே இருட்டிவிட்டது. விசா அலுவலகத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை. அவன் எதிர்ப்பக்கம், ஸ்டூடியோ வாசலில் குடையோடு நின்றான். ஸ்டூடியோக்காரர் ஸ்டூலைத் தூக்கிவந்து போட்டார். உட்காரவில்லை. உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் வரவில்லை.

எதைக் கேட்டு இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? எழுதியதில் ஏதாவது தப்பா? வெட்டியிருக்கக் கூடாதோ... அந்தக் கண்களைப் பற்றி இன்னும் நாலு வரி விட்டிருக்க வேண்டுமோ...

மழை வந்தது. மெதுவாக இல்லை, ஒரேயடியாக. அந்த மழைக்குள் கண்ணாடிக் கதவு திறந்தது.

அவன் முதலில் நிறத்தைப் பார்த்தான். ஆள் யாரென்று அப்புறம்தான் தெரிந்தது. சாம்பல் கோட்டிலும் வேலைக்கேற்ற மங்கிய உடைகளிலும் மட்டுமே பார்த்திருந்தவள், இன்று மயில் நீலத்தில் இருந்தாள். மழைத் தெருவில் வேறு எதற்கும் நிறம் இல்லாமல் போனது. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நேராக அவனை நோக்கி ஓடிவந்தாள். குடைக்குள் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. இமையில் தண்ணீர். அதற்குள்ளே கண்கள் எதையோ ஒளித்துவைத்துச் சிரித்தன.

"கிடைச்சிடுச்சு" என்றாள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். சந்தோஷம்தான். உண்மையான சந்தோஷம்தான். அதற்குள்ளே ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே போனது. நல்லது மேடம், வாழ்த்துகள் என்று சொல்ல ஆரம்பித்தான்.

"முழுக்கக் கேளுங்க" என்றாள்.

கவுண்டரில் ஒரு பெண் அதிகாரி இருந்தாராம். வேலையைப் பற்றிக் கேட்டாராம். பகல் வெளிச்சத்தைப் பற்றி, இரண்டு பேர் பார்ப்பதைப் பற்றி எல்லாம் சொன்னாளாம். அவருக்குப் பிடித்துப்போய் இன்னும் கேட்டாராம். அதனால்தான் இவ்வளவு நேரம். பிறகு அந்தக் கேள்வி வந்ததாம்.

"எதுக்காகத் திரும்பி வருவீங்கன்னு கேட்டாங்க. அம்மா, அக்கா, வேலைன்னேன். அவங்களுக்கும் போதலை. உங்களை மாதிரியே பேனாவைத் திறந்து மூடினாங்க."

அவன் குடையை இன்னொரு கைக்கு மாற்றினான்.

"காத்துக்கிட்டு ஒருத்தர் இருக்கார்னு சொன்னேன்."

மழை குடைமேல் கொட்டியது.

"யாருன்னு கேட்டாங்க. உங்க கையில இருக்கற என் படத்துலயே இருக்கார் பாருங்கன்னு சொன்னேன். அவங்க படத்தை எடுத்துப் பார்த்தாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. உங்களுக்குப் பின்னாடி வெறும் வெள்ளைதானேம்மா இருக்குன்னாங்க. அந்த வெள்ளையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது அவர்தான், கை வலிக்க வலிக்கன்னு சொன்னேன்."

ஸ்டூடியோக்காரர் உள்ளே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"சிரிச்சாங்க" என்றாள். "சிரிச்சுக்கிட்டே முத்திரை குத்தினாங்க. ரெண்டு வருஷம்னா கொஞ்ச நாள்தான், காத்திருக்கச் சொல்லுங்கன்னாங்க."

குடை அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவன் இடது தோள் நனைந்துகொண்டிருந்தது. அதே சட்டை. அவனிடம் வேறு சட்டைகள் இருந்தன. ஆனாலும் இன்று இதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தான். காலருக்கு மேலே அந்த நிறம் மெல்ல ஏற ஆரம்பித்தது. செம்மண்... செங்கல்... அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவசரமே இல்லை. நல்ல வெளிச்சம். மழைக்கு நடுவிலும் அது பகல் வெளிச்சம்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர்.

"நான் என் பக்கத்தைச் சொல்லிட்டேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஒருத்தர் மட்டும் சொன்னா செல்லாது. அங்க பொய் சொல்லாதேன்னு சொன்னதும் நீங்கதான்... இப்ப நீங்களே சொல்லுங்க. நான் உள்ள சொல்லிட்டு வந்தது பொய்யா?"